குரோமோசோம் பரிசோதனை: பெற்றோர் அறிய வேண்டியவை

குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம் என்று மருத்துவர் கருதினால், அதனை உறுதிசெய்யக் குரோமோசோம் பரிசோதனை பரிந்துரைக்கப்படும். அப்போது பெற்றோர் மனத்தில் முதலில் எழும் வினா, "நாங்கள் என்ன தவறு செய்தோம்?" என்பதே. இதற்கான விடை, செல் பகுப்பு நிகழும் முறையில் உள்ளது.

செல் பகுப்பு என்றால் என்ன?

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் வாங்கும் ஒரு வெங்காயத்தின் அடிப்பகுதி நீரைத் தொடுமாறு வைத்தால், சில நாட்களில் வெண்ணிற வேர்கள் தோன்றும். பள்ளி உயிரியல் ஆய்வகத்தில் மாணவர்கள் அவ்வேர் நுனிக்குச் சாயமேற்றி, நசுக்கி, நுண்ணோக்கியில் காண்பர். பகுப்படையும் செல்களில் குரோமோசோம்கள் சிறு இழைகளாகத் தெரியும். வெங்காயச் செல்லில் அவை 16. மனிதச் செல்லில் 46, அதாவது 23 இணைகள். ஒரு செல் இரண்டாகும்போது ஒவ்வொரு புதிய செல்லும் அதே எண்ணிக்கையைப் பெறுகிறது.

எண்ணிக்கை மாறுவது எவ்வாறு?

கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும் பகுப்பில் மட்டும் எண்ணிக்கை பாதியாக, 23 ஆகக் குறைய வேண்டும். சில வேளைகளில் 21-ஆம் இணை பிரியாமல் ஒரே செல்லுக்குள் சென்றுவிடுகிறது. அதனால் உருவாகும் குழந்தையின் செல்களில் 47 குரோமோசோம்கள் அமைகின்றன. டவுன் சிண்ட்ரோமுக்கு இதுவே காரணம் என்பதை 1959-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரெய்மோன் துர்ப்பேன் ஆகியோர் வெளியிட்டனர்.

இப்பிழை பெரும்பாலும் கருமுட்டையில் நேர்கிறது. ஒரு பெண் தன் தாயின் கருவில் இருக்கும்போதே அவளது கருமுட்டைகளின் பகுப்பு தொடங்கி, இடையில் நின்று, பல ஆண்டுகளுக்குப் பின்னரே தொடர்கிறது. எனவே வயது கூடும்போது வாய்ப்பும் கூடுகிறது: தாயின் 35 வயதில் ஏறத்தாழ 350 பிறப்புகளில் ஒன்று; 40 வயதில் ஏறத்தாழ 100-இல் ஒன்று. இளம் தாய்மார்களுக்கும் இது நேரலாம். கிரகணத்தின்போது வெளியே வந்ததோ, உண்ட உணவோ, மனவருத்தமோ இதற்குக் காரணம் அன்று. தாயைக் குறைகூறுவதற்கு இதில் எவ்வித இடமும் இல்லை.

பரிசோதனை எவ்வாறு செய்யப்படுகிறது?

சிறிதளவு இரத்தம் போதும். வெறும் வயிற்றில் இருக்கத் தேவையில்லை. வெள்ளை அணுக்கள் ஏறத்தாழ மூன்று நாட்கள் வளர்க்கப்பட்டு, குரோமோசோம்கள் தெளிவாகத் தெரியும் நிலையில் பகுப்பு நிறுத்தப்படும். இதற்குப் பயன்படும் கோல்கிசின், செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் உள்ள நச்சுப்பொருளாகும். பின்னர் சாயமேற்றிப் படமெடுத்து, குரோமோசோம்களை இணை இணையாக அடுக்கி எண்ணுவர். முடிவு கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம். செல்கள் வளராவிடில் மீண்டும் இரத்தம் கேட்கப்படும். அது நோயின் அறிகுறி அன்று.

அறிக்கையில் காணப்படுபவை

• 46: எண்ணிக்கை இயல்பானது. ஆயினும் நுண்ணிய மரபணு மாற்றங்கள் இப்பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.
• 47, +21: கூடுதலாக ஒரு 21-ஆம் குரோமோசோம் உள்ளது. டவுன் சிண்ட்ரோம் உள்ளோரில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் இவ்வகையினர்.
• இடமாற்ற வகை: கூடுதல் 21-ஆம் குரோமோசோம் வேறொன்றுடன் ஒட்டியிருக்கும். இது பெற்றோரிடமிருந்து வந்திருக்கக்கூடும் என்பதால், அடுத்த கருத்தரிப்புக்கு முன் தாய், தந்தை இருவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.
• கலப்பு வகை: சில செல்களில் 46, சிலவற்றில் 47 காணப்படும்.

அடுத்து செய்ய வேண்டியவை

கூடுதல் குரோமோசோமை நீக்கும் மருந்து எதுவும் இல்லை. அவ்வாறு கூறுவோரை நம்பிப் பணம் செலவிட வேண்டாம். ஆனால் உடன்வரும் குறைகளுக்குச் சிகிச்சை உண்டு. இக்குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இதயக் குறைபாடு இருப்பதால், எக்கோ பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. தைராய்டு, செவித்திறன், பார்வை ஆகியவற்றையும் குறித்த காலங்களில் பரிசோதிக்க வேண்டும். இயன்முறைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் எவ்வளவு விரைவில் தொடங்கப்படுகின்றனவோ அவ்வளவு நன்மை தரும். இதற்கான உதவியை அரசு மருத்துவமனைக் குழந்தைகள் நலப் பிரிவில் கேட்டுப் பெறலாம்.

அறிக்கையுடன் தாயும் தந்தையும் சேர்ந்தே மருத்துவரைச் சந்திப்பது நல்லது. விளக்கத்தை இருவரும் நேரில் கேட்டால், வீட்டில் எழும் கேள்விகளுக்குத் தாய் தனியாக விடையளிக்க நேராது.