பழைய டிராக்டரும் கிளட்சின் கதையும்



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இன்று எங்கு பார்த்தாலும் மோட்டார் ஆலைகள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனால்ட் நிஸான் ஆலையும், 2012-இல் பாரத்பென்ஸ் லாரி ஆலையும் வந்தன. ஆனாலும் மெயின் ரோட்டை விட்டு ஊருக்குள்ளே போனால், ஏதாவது ஒரு கொட்டகையில் அப்பா காலத்து டிராக்டர் நிற்கும். அதை மறுபடி ஓட்ட ஆசைப்படுபவர்களும் உண்டு. என்ஜின் எப்படியாவது கிளம்பிவிடும். வம்பு கிளட்சில்தான் வரும். "பிளேட் போச்சுங்க, வண்டியை ரெண்டாப் பிரிக்கணும்" என்பார் மெக்கானிக். பிரிப்பதற்கு முன்னால், இந்தக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

கிளட்சைப் பார்க்க வண்டியை ஏன் பிரிக்க வேண்டும்? 1917-இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு கொண்டுவந்த ஃபோர்ட்சன் டிராக்டரில், லாரிக்கு இருப்பது போன்ற சேசிஸ் கிடையாது. என்ஜின், கியர் பாக்ஸ், பின் அச்சு மூன்றையும் போல்ட் போட்டு ஒரே உடம்பாக்கிவிட்டார்கள். விலை குறைந்தது. பிறகு வந்த டிராக்டர்களில் பெரும்பாலானவை இந்த வழியில்தான் வந்தன. கிளட்ச் இந்த உடம்பின் நடுவில் மாட்டிக்கொண்டது.

1946-இல் இங்கிலாந்தில் ஹாரி பெர்குசனின் சாம்பல் நிற டி.இ.20 வந்தது. அதில் ஒற்றை கிளட்ச். பெடலை மிதித்தால் சக்கரமும் நிற்கும், பி.டி.ஓ.வும் நிற்கும், லிப்ட் பம்பும் நிற்கும். வரப்பு ஓரம் வண்டியை நிறுத்தினால் பின்னாலிருக்கிற கருவியும் நின்றுபோகும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1956-இல் வந்த பெர்குசன் 35-இல் இரட்டை கிளட்ச் வைத்தார்கள். பெடலைப் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும். முழுக்க மிதித்தால்தான் பி.டி.ஓ. நிற்கும். அந்த 35-இன் வழியில்தான், 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாஸி பெர்குசன் 1035 வந்தது. அதில் ஒற்றை கிளட்ச் வண்டியும் உண்டு, இரட்டை கிளட்ச் வண்டியும் உண்டு.

ஆகவே உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டி.இ.20-இல் கிளட்சை மிதித்தால் லிப்ட் ஏறவில்லை, இரட்டை கிளட்சில் பாதி மிதித்தால் பி.டி.ஓ. நிற்கவில்லை என்றால் அது கோளாறே இல்லை. வண்டியின் பிறவி அப்படி!

அடுத்தது பெடல். கையால் அமுக்கிப் பாருங்கள். கையேட்டில் சொன்ன அளவுக்குச் சும்மா ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாவிட்டால் கிளட்ச் ஸ்லிப் ஆகும், ரிலீஸ் பேரிங்கும் தேயும். அதிகமாக இருந்தால் கியர் விழும்போது கறகறவென்று சத்தம் வரும். இதற்குப் பிரிக்க வேண்டாம், ஸ்பேனர் போதும்.

பல வருஷம் நின்ற வண்டியில் பிளேட் துருப்பிடித்து பிளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். என்ஜினை நிறுத்தி, கியரில் போட்டு, பெடலை முழுக்க அமுக்கிக்கொண்டு தள்ளிப் பாருங்கள். நியூட்ரலில் நகர்ந்த வண்டி இப்போது நகரவில்லை என்றால் பிளேட் ஒட்டியிருக்கலாம். என்ஜினை நியூட்ரலில் நன்றாகச் சூடாக்கி நிறுத்துங்கள். பெடலை அமுக்கி, ஒரு கட்டை முட்டுக் கொடுத்து இரண்டு மூன்று நாள் விட்டுவையுங்கள். பல சமயம் அதிலேயே விட்டுவிடும்.

ஏர் பிடிக்கும்போது என்ஜின் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லையா? ஆட்டமும் சரியாக இருந்தால், கிளட்ச் கூட்டுக்கு அடியிலுள்ள சின்ன துவாரத்தைப் பாருங்கள். கறுப்பு ஆயில் கசிந்தால் என்ஜினின் பின் சீல் போயிருக்கும். கெட்டியான ஆயில் என்றால் கியர் பாக்ஸ் சீல். சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் புதுப் பிளேட்டும் நனைந்துவிடும். செலவு தண்டம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் தேறவில்லை என்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும். இரண்டு பாதிக்கும் தனித்தனியே உறுதியான முட்டுக் கொடுங்கள். முன் அச்சு ஆடக்கூடியது. அதனால் அதன் இருபக்கமும் மர ஆப்பு வையுங்கள். இல்லாவிட்டால் என்ஜின் சாய்ந்து ஆளை நசுக்கிவிடும். பழைய பிளேட் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகு ஒன்றே ஒன்று. காலைக் கிளட்ச் மேலேயே வைத்து ஓட்டாதீர்கள். பெடல் கால் வைத்து இளைப்பாறும் இடம் இல்லை.