புதுக் குதிரையும் புது வீரரும்



எங்கள் சிலிம் ரிவர் வட்டாரத் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குதிரை என்பது பாடநூலில் உள்ள ஒரு படம். வெள்ளைக்காரத் துரை குதிரையேறிப் பால்மரக் காட்டைப் பார்வையிட வந்த கதையைச் சொல்லும் முதியவர்களும் இன்று அருகிவிட்டார்கள். 2018ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில், குதிரை நடைப் போட்டியின் தனிநபர் பிரிவில் நம் நாட்டு வீரர் கபில் அம்பாக் வெள்ளிப் பதக்கம் வென்றார். அந்தச் செய்தியை வகுப்பில் சொன்னோம். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, குதிரை விரைந்து ஓடவும் இல்லை, வேலி தாண்டவும் இல்லை. நடந்ததற்கா பதக்கம்?" என்றான். அடுத்தவன் விடவில்லை. "அப்படியானால் சுலபந்தானே ஐயா! புதிதாக ஏறுகிறவரும் புதுக் குதிரையும் சேர்ந்து போகலாமே?" என்று கேட்டான்.

முதல் கேள்விக்கு விடை எளிது. இந்தப் போட்டியை டிரெசாஜ் என்பார்கள். பழக்குதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் அது. வீரரின் சிறு குறிப்பைக் குதிரை எவ்வளவு அமைதியாகப் புரிந்துகொண்டு நடக்கிறது என்பதே இதில் சோதனை. இரண்டாவது கேள்விதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. இதற்கு விடை தேட நாம் ஐரோப்பாவுக்குப் போகுமுன் பாண்டிய நாட்டுக்குப் போக வேண்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியரின் காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப் அந்த வணிகத்தை விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். வழியில் குதிரை இறந்துபோனாலும் அரசாங்கக் கருவூலம் விலையைக் கொடுத்தாக வேண்டும். மாபார் எனப்பட்ட தமிழகக் கடற்கரைக்கும் காம்பே முதலிய துறைகளுக்குமாக ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் அனுப்பப்பட்ட காலமும் உண்டு என்கிறார் அவர்.

இவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் என்ன ஆயின? வாசாப் கூறும் செய்தி வருத்தம் தருவது. கொட்டிலில் நாற்பது நாள் கட்டிப்போட்டு, வறுத்த தானியமும் நெய்யும் காய்ச்சிய பாலும் கொடுத்துக் கொழுக்க வைத்தார்களாம். பிறகு எந்தப் பயிற்சியும் அளிக்காமல், அங்கவடிகூட இல்லாமல், வீரர்கள் ஏறி வெறிகொண்டவர்போல் ஓட்டினார்களாம். வலிமையும் வேகமும் மிக்க குதிரைகள் சில நாளிலேயே தளர்ந்து ஒன்றுக்கும் உதவாமற் போயின. அதே காலத்தில் இங்கு வந்த மார்க்கோ போலோவும், பேணத் தெரியாததால் குதிரைகள் ஆண்டுதோறும் மடிகின்றன என்றே எழுதினார்.

இருவரும் அயல்நாட்டார், எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். வெப்பமும் ஈரமும் மிக்க நம் தட்பவெப்பம் அக்குதிரைகளுக்கு ஒவ்வாததும் ஒரு காரணமே. நம் முன்னோர் குதிரையை அறியாதவர் என்றும் சொல்லிவிட முடியாது. அதன் ஐந்து நடைகளை ஐங்கதி என்று பகுத்துப் பெயரிட்டவர்கள் அவர்கள். ஆயினும் ஏட்டில் இருந்த அறிவு கொட்டிலுக்கு வந்து சேரவில்லை போலும். பழகாத குதிரையின்மேல் பழகாத ஆள் ஏறினான். இழப்பு இருவருக்கும் நேர்ந்தது.

இனிக் கிரேக்க நாட்டுக்கு வருவோம். கி.மு. நான்காம் நூற்றாண்டில் செனபன் என்ற படைத்தலைவர் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். பிள்ளையை ஒரு தொழில் கற்க ஆசானிடம் விடுவதுபோல், இளங்குதிரையைத் தேர்ந்த பயிற்சியாளரிடம் விட வேண்டும் என்பது அவர் அறிவுரை. திரும்பி வரும்போது அது என்னென்ன கற்றிருக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார். நமக்கு இது பாடத்திட்டம்போலவே தோன்றுகிறது! வற்புறுத்திச் செய்விக்கும் எதையும் குதிரை புரிந்து செய்வதில்லை என்பதும் அவர் கருத்து.

வியன்னா நகரத்து ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி 1572ஆம் ஆண்டு ஆவணத்திலேயே குறிப்பிடப்படுகிறது. அங்கே புதிய மாணவரை நன்கு பழகிய மூத்த குதிரைமேல் ஏற்றுவார்கள். ஆசான் நீண்ட கயிற்றைப் பிடித்துக் குதிரையை வட்டமாக நடத்துவார். மாணவருக்கு அங்கவடியும் இல்லை, கையில் கடிவாளமும் இல்லை. உடல் நிலைகொள்ளும்வரை இதுவே பாடம். இளங்குதிரையையோ மூத்த வீரர் பழக்குவார். மூத்த குதிரை இளைய வீரருக்கு ஆசான். மூத்த வீரர் இளைய குதிரைக்கு ஆசான். பாண்டிய நாட்டுக் கொட்டிலில் இல்லாமற் போன முறை இதுதான்.

இந்தக் கலை 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் போட்டியாக இடம்பெற்றது. அப்போது பங்கெடுத்தவர்கள் படையதிகாரிகள். தங்களை நோக்கி உருண்டு வரும் ஒரு பீப்பாயைக்கூட அவர்களின் குதிரைகள் தாண்ட வேண்டியிருந்தது. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில்தான் பெண்களுக்கும் கதவு திறந்தது. போலியோ நோயால் முழங்காலுக்குக் கீழ் செயலிழந்த டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்டெல் அம்மையார், ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வென்றார். குதிரைமேல் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி தேவைப்பட்டவர் அவர். இங்கே உடல் வலிமையைவிடப் புரிதலே பெரிது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இன்றைய தொடக்கநிலைப் போட்டி மிக எளிமையானது. 20 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் உள்ள திடல். ஓரங்களில் எழுத்துப் பலகைகள். நடை, துள்ளு நடை, பெரிய வட்டம், அசையாது நின்று வணக்கம் செலுத்துதல்; பெரும்பாலும் அவ்வளவே. ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர் பூச்சியம் முதல் பத்துவரை புள்ளியிட்டு, குறைநிறைகளையும் எழுதுவார். அந்தத் தாள் வீரர் கைக்கே வந்துவிடும். ஆசிரியர்களான நமக்கு, கோப்பையைவிட அந்தத் தாளே மதிப்புள்ளதாகத் தெரிகிறது.

அப்படியானால் புதியவர்களுக்கு இது ஏற்றதா? பழகிய குதிரையில் ஏறும் புது வீரருக்கு மிக ஏற்றது. தேர்ந்த வீரர் நடத்தும் புதுக் குதிரைக்கும் ஏற்றது. கூட்டமும் ஒலிபெருக்கியும் அதற்கு ஒரு பாடம். ஆனால் இருவருமே புதியவர் என்றால் ஆபத்துண்டு. ஈப்போ குதிரைப் பந்தயத் திடலை நாம் அறிவோம். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரைகள் பல, பிறகு சவாரிக்குப் பழக்கப்படுகின்றன. வயதில் மூத்தாலும் இந்தக் கலைக்கு அவை புதியவை. கடிவாளம் இறுகினால் அதில் சாய்ந்துகொண்டு விரைவது அவற்றின் பழைய பாடம். புது வீரரோ அச்சத்தில் கடிவாளத்தைத்தான் இழுப்பார்! ஒருவர் நில் என்கிறார். மற்றது ஓடு என்று கேட்டுக்கொள்கிறது.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நமக்கும் இப்படி ஒன்று நேர்ந்தது. ஒரு பள்ளியில், தனியாக முதலாம் ஆண்டு வகுப்பை ஏற்றோம். பிள்ளைகளுக்குப் பள்ளி புதிது. நமக்குப் பாடம் நடத்துவது புதிது. மதிப்பிட வந்தவர் முன்னே ஒரு பிள்ளை அழ, அடுத்தடுத்த பிள்ளைகளும் அழத் தொடங்கினார்கள். நம் குரல் உயர உயர அழுகையும் உயர்ந்தது. மறுநாள் மூத்த ஆசிரியை ஒருவர் பின்வரிசையில் வந்து அமர்ந்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் இருப்பே பிள்ளைகளை அடக்கியது, நம்மையும் நிதானப்படுத்தியது.

ஆகவே, இருவரும் புதியவரானால் முதலில் குதிரையைப் போட்டித் திடலுக்கு அழைத்துச் சென்று, வேடிக்கை மட்டும் பார்க்க விடலாம். அடுத்த முறை ஆசான் அதை நடத்தட்டும். மாணவர் பழகிய குதிரையில் பங்கேற்கட்டும். இருவரும் தனித்தனியே தேறியபின் சேர்ந்து செல்லலாம். அன்று கிடைக்கும் புள்ளி குறைவாயினும் அது நேர்மையான புள்ளி.

1988 முதல் நம் தொடக்கப் பள்ளிகளில் நடந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. புள்ளிக்காகப் பிள்ளைகளை விரட்டிய ஆண்டுகளை நாம் மறக்கவில்லை. சோதனை கெட்டதன்று, ஆயத்தமில்லாதவரைச் சோதனைக்குள் தள்ளுவதே கெட்டது. பிள்ளையாவது அழுது காட்டும். குதிரைக்கு அந்த வழியும் இல்லை. காயல் துறையில் இறங்கிய குதிரைகள் எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நமக்குச் சொல்லும் பாடம் இதுவே.