அடுப்புக்காரர் கொதேன்

பள்ளியில் பிரெஞ்சிலேயே படித்தவன் நான். நெப்போலியன் சண்டை போட்ட தேதிகளையெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன். ஆனால் ழான்-பத்தீஸ்த் கொதேன் என்ற பெயரை எந்த வாத்தியாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அவரைப் பற்றிப் படித்தேன்.

கொதேன் 1817-இல் வட பிரான்சில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். சிறு வயதிலேயே படிப்பை விட்டுப் பட்டறைக்குப் போனார். வாலிபத்தில் ஊர் ஊராக வேலை செய்து திரிந்தபோது தொழிலாளிகள் படும் பாட்டை நேரில் பார்த்தார். 1840-இல், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் அடுப்பை இரும்புத் தகட்டுக்குப் பதில் வார்ப்பிரும்பில் செய்ய உரிமம் வாங்கினார். 1846-இல் குயீஸ் என்ற சிற்றூருக்குத் தொழிலை மாற்றினார். அடுப்பு நன்றாக விற்றது.

பணம் வந்ததும் பட்டறை நாட்களை அவர் மறக்கவில்லை. ஃபூரியே என்ற சிந்தனையாளரின் கொள்கையில் பிடிப்பு ஏற்பட்டு, அமெரிக்காவில் டெக்சாஸில் ஒரு கூட்டுக் குடியிருப்புக்குத் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்து இழந்தார். வேறொருவராக இருந்தால் அத்தோடு தலைமுழுகியிருப்பார். இவரோ 1859-இல் தம் ஆலைக்குப் பக்கத்திலேயே தொழிலாளிகளுக்கு ஒரு மாளிகை கட்டத் தொடங்கினார். அதன் பெயர் ஃபமிலிஸ்தேர். கண்ணாடிக் கூரை போட்ட பெரிய முற்றங்கள், மாடிதோறும் தண்ணீர்க் குழாய், சலவைக்கூடம், நீச்சல் குளம், நாடக அரங்கு, ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் இலவசப் பள்ளி என்று எல்லாம் அங்கே இருந்தன. நோயாளிக்கும் முதியவருக்கும் உதவி நிதியும் இருந்தது.

1880-இல் இன்னும் ஒரு படி மேலே போனார். லாபத்தில் தொழிலாளிகளுக்கு உள்ள பங்கை ரொக்கமாகக் கொடுக்காமல், நிறுவனத்தின் பங்குப் பத்திரங்களாகக் கொடுத்தார். நாளடைவில் ஆலை அவர்களுடையதே ஆயிற்று. தருமம் செய்து நொடித்த கதை இல்லை இது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்த ஆலை அது. 1888-இல் அவர் இறந்த பிறகும் சங்கம் எண்பது ஆண்டுகள் நடந்தது. தன் ஆலை என்று நினைத்துச் செய்கிறவன் கையில் வேலை கெடுவதில்லை.

பிறகு ஏன் 1968-இல் கலைந்தது? போட்டி ஒரு காரணம், காலத்துக்கேற்ப மாறாதது இன்னொன்று. எனக்கு உறுத்துவது மூன்றாவது. சங்கத்துக்குள்ளேயே படிநிலைகள் இருந்தன. மேல்படியில் இருந்தவர்களுக்கு வாக்கும் சலுகையும் அதிகம். வெளியிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு மாளிகையும் இல்லை, வாக்கும் இல்லை. உள்ளே இருந்தவர்கள் கதவைத் தங்கள் பிள்ளைகளுக்கே திறந்தார்கள்.

இதைப் படித்தபோது என் பழைய அலுவலகம் கண்முன் வந்தது. நிரந்தர ஊழியர்களான எங்களுக்கு நாற்காலி, மின்விசிறி, டீ கிளப் எல்லாம் உண்டு. தினக்கூலியாக வந்த ஒரு பையன் ஆறு வருஷம் கோப்பு அடுக்கினான்; டீ நேரத்தில் வராந்தாவில் நிற்பான். எந்தக் கோப்பு எங்கே என்று எங்களைவிட அவனுக்குத்தான் தெரியும். ஒருநாள் சொல்லாமல் நின்றுவிட்டான். பழைய கோப்புகளைத் தேட எங்களுக்கு மாதக்கணக்கானது.

அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்ல எந்த அரசாணையும் தேவைப்பட்டிருக்காது. தலைமை எழுத்தர் நாற்காலியில் இருந்தவன் நான்தான்.