டெட்லைன்ல செத்தது யாரு?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நம்ம டேமேஜர் பக்கத்துல வந்து "திங்கக்கிழமை டெட்லைன்ப்பா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போனார். தினம் பத்து தடவை காதுல விழுற வார்த்தைதான். ஆனா அதென்ன 'டெட்'? யாரு செத்தா? ஆணியை ஓரமா வச்சுட்டு தேடிப் பார்த்தேன். நிஜமாவே செத்திருக்காங்க மக்கா.

1864, அமெரிக்க உள்நாட்டுப் போர். ஜார்ஜியா மாநிலத்துல ஆண்டர்சன்வில்னு ஒரு ஊர். அங்கே வடக்குப் போர்க்கைதிகளை அடைக்க தெற்குக்காரங்க ஒரு சிறை போட்டாங்க. சிறைன்னா கட்டடமெல்லாம் இல்லை. சுத்தி மரத்தடிச் சுவர், மேல வானம். 10,000 பேருக்குன்னு ஆரம்பிச்ச இடத்துல ஆகஸ்ட் மாசம் 32,000 பேருக்கு மேல!

சுவர்லேர்ந்து சுமார் 19 அடி உள்ளே தள்ளி, கம்பு நட்டு மேலே கட்டையை அடிச்சு ஒரு வேலி. அதைத் தாண்டினா மேலே கூண்டுல நிக்கிற காவலாளி சுட்டுடலாம். அந்த வேலிக்குப் பேர்தான் டெட்லைன்.

முகாமுக்குள்ள ஒரே ஒரு ஓடை. குடிக்க, குளிக்க, மத்ததுக்கும் அதேதான். ஓடை உள்ளே நுழையுற இடத்துல, வேலியை ஒட்டித்தான் தண்ணி கொஞ்சம் தெளிவா இருக்கும். அதை மொள்ளறதுக்கு வேலிக்கு அடியில கையை நீட்டினவங்களைச் சுட்டாங்கன்னு, பிழைச்சு வந்த கைதிகள் எழுதி வச்சிருக்காங்க. ஒரு குவளை தண்ணிக்கு!

14 மாசத்துல உள்ளே போனவங்க சுமார் 45,000 பேர். செத்தவங்க கிட்டத்தட்ட 13,000. பெரும்பாலும் வயித்துப்போக்கு, சீதபேதி, ஸ்கர்வி. குண்டடி பட்டவங்க கொஞ்சம் பேர்தான். வடக்குக்காரங்க யோக்கியமான்னு கேக்காதீங்க, அவங்க சிறைகள்லயும் இதே கோடு இருந்துச்சு. ஆனா தோத்தவனுக்குத்தானே விசாரணை? முகாம் அதிகாரி ஹென்றி வெர்ஸை 1865 நவம்பர் 10 அன்னிக்கு வாஷிங்டன்ல தூக்குல போட்டாங்க. குற்றப்பத்திரிகையில இந்தக் கோடும் இருந்துச்சு.

அப்புறம் அச்சகத்துக்காரங்க, மெஷின்ல எழுத்து பதியாத எல்லைக்கு இந்தப் பேரை வச்சாங்க. 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல அமெரிக்கப் பத்திரிகை ஆபீஸ்கள்ல, செய்தி கொடுக்க வேண்டிய கடைசி நேரம்னு ஆச்சு. அங்கேர்ந்து எப்படியோ நம்ம க்யூபிக்கிளுக்கு :-)

தமிழ்ல 'கெடு'ங்கறோம். அதுவும் கேக்க அவ்வளவு நல்லா இல்லை.

அந்தத் திங்கக்கிழமை பில்டு புதன்கிழமைதான் போச்சு. யாரும் சுடல. நாலு பேருக்கு சிசி போட்டு ஒரு மெயில் வந்துச்சு, அவ்வளவுதான்.