மாற்றுக் கல்லீரலும் டி செல்களும்

மாற்றிப் பொருத்திய கல்லீரலை உடல் ஏற்பதும் தள்ளுவதும் பெரும்பாலும் டி செல்களைப் பொறுத்தவை. பிறர் தோலை ஒட்டினால் அது உதிர்வதற்கு நோயெதிர்ப்பு ஆற்றலே காரணம் என்று பீட்டர் மெடவார் 1940களில் நிறுவினார். 1963இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்ஸல் முதன்முதலாக மனிதருக்குக் கல்லீரல் மாற்றினார், நோயாளி பிழைக்கவில்லை. 1967இல் சிகிச்சை பெற்ற ஒரு குழந்தைதான் ஓராண்டைத் தாண்டியது.

புதிய கல்லீரலோடு தானம் தந்தவரின் வெள்ளணுக்களும் வருகின்றன. அவை பெற்றவரின் நிணநீர்க் கணுக்களையும் மண்ணீரலையும் அடைந்ததும், அங்குள்ள டி செல்கள் அந்நிய அடையாளத்தைக் கண்டு பெருகுகின்றன. பிறகு கல்லீரலுக்குள் நுழைந்து பித்தக்குழாய்களையும் இரத்தக்குழாய்களின் உட்சுவரையும் தாக்குகின்றன.

ஆயினும் பிற உறுப்புகளைவிடக் கல்லீரல் இத்தாக்குதலை நன்றாகத் தாங்குகிறது. சில பன்றிகளில் மருந்தே இல்லாமல் மாற்றுக் கல்லீரல் நீடித்ததையும், அதே பன்றியிடமிருந்து எடுத்த மற்ற உறுப்புகளையும் அது காத்ததையும் ராய் கால்ன் குழுவினர் 1969இல் வெளியிட்டனர். குடலிலிருந்து வரும் உணவுக்கூறுகளையும் கிருமிக்கூறுகளையும் அன்றாடம் சந்திக்கும் உறுப்பு என்பதால், எதற்கெடுத்தாலும் அழற்சி கொள்ளாத இயல்பு அதற்கு உண்டு. அங்கு வரும் டி செல்கள் பல சோர்ந்து மடிகின்றன. குப்ஃபர் செல்களும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் எதிர்ப்பைத் தணிக்கின்றன.

இந்த இயல்பு மட்டும் மனிதருக்குப் போதவில்லை. நார்வே மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து வந்த சைக்ளோஸ்போரின் 1980களில் நிலைமையை மாற்றியது. ஜப்பானின் சுகுபா மண்ணில் வாழும் நுண்ணுயிரியிடமிருந்து 1984இல் டாக்ரோலிமஸ் கண்டறியப்பட்டது. இரண்டும் டி செல்லுக்குள் கால்சினியூரின் என்ற நொதியைத் தடுத்து, அவை பெருகுவதற்கான கட்டளையை நிறுத்துகின்றன.

இந்தியாவில் உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் வந்தது. 1998ஆம் ஆண்டின் நவம்பரில், காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து சென்ற 20 மாதக் குழந்தைக்கு டெல்லி அப்போலோ மருத்துவமனையில் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதி பொருத்தப்பட்டது. பித்தநாளம் அடைபட்டுப் பிறந்த குழந்தை அது. நாட்டில் வெற்றி கண்ட முதல் கல்லீரல் மாற்று அதுவே. அக்குழந்தை வளர்ந்து மருத்துவரானது. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2008இல் தொடங்கியது.

ஆண்டுகள் பல கடந்தபின் மருந்தை முற்றிலும் விட்டும் நலமாக இருப்போர் சிலர் உண்டு. அவர்கள் யார் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் சோதனை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே கல்லீரல் மாற்றிக்கொண்டவர் எவரும் மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தக் கூடாது.