காளிக்கு இரண்டு கண்டுகம் நிலம்: பணிநாய்களும் அவற்றுக்கு விடைகொடுத்த மரபும்

பெங்களூர் கஸ்தூர்பா சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1865-இல் தொடங்கப்பெற்றது. அங்கே காக்கப்படும் கற்களுள் ஒன்று ஆதகூர்க் கல்வெட்டு. மண்டியா மாவட்டம் மத்தூர் வட்டத்து ஆதகூரிலிருந்து கொண்டுவரப்பட்ட இக்கல், சக ஆண்டு 872-ஐச் சேர்ந்தது. பொது ஆண்டு 949-50. சோழர் வரலாறு பயிலும் மாணவர் எவரும் இதன் பெயரைக் கேட்டிருப்பர். தக்கோலப் போரில் முதற் பராந்தகனின் மைந்தன் இராசாதித்தன் வீழ்ந்ததற்கு இது முதன்மைச் சான்று. ஆனால் இக்கல் நடப்பட்டது அப்போரை நினைவுகூர்வதற்காக அன்று. கல்லின் மேற்பகுதியில் செதுக்கப்பட்டிருப்பது யானையுமில்லை, அரசனுமில்லை. ஒரு நாயும் ஒரு காட்டுப்பன்றியும் பொருதும் காட்சியே அங்குள்ளது. அந்த நாயின் பெயர் காளி. கல் காளிக்கு நட்ட கல்.

அரசியல் வரலாற்று நூல்கள் இக்கல்வெட்டிலிருந்து போரை எடுத்துக்கொண்டு நாயை அடிக்குறிப்பில் விட்டுச் செல்வது வழக்கம். கல்லின் நோக்கில் நின்று பார்த்தால் வரிசை தலைகீழாகிறது. போர் முன்கதை, நாயே பொருள்.

முன்கதை சுருக்கமாக இது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், தமிழ்க் கல்வெட்டுகளில் கன்னரதேவன் எனப்படுபவன், சோழநாட்டின்மீது படையெடுத்தான். அவன் மைத்துனனும் கங்க மன்னனுமான இரண்டாம் பூதுகன் உடன்சென்றான். இன்றைய அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் நிகழ்ந்த போரில், யானைமீதிருந்த இராசாதித்தன் பூதுகனால் கொல்லப்பட்டான். 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்று தமிழ் மரபு அவனை நினைவில் வைத்தது. இச்செயலுக்குப் பரிசாகக் கிருஷ்ணன் பூதுகனுக்கு வனவாசி பன்னீராயிரம் முதலான நாடுகளை அளித்தான்.

பூதுகனின் படையில் முன்னின்று பொருதவன் மணலேரன் என்னும் வீரன். அவன் ஆற்றலைக் கண்டு மகிழ்ந்த பூதுகன், வேண்டுவது கேள் என்றான். மணலேரன் ஊரையோ பொன்னையோ கேட்கவில்லை. அரசனிடமிருந்த காளி என்னும் நாயைத் தருமாறு கேட்டான், பெற்றுக்கொண்டான். பின்னர் ஒருநாள், கெலலெ நாட்டுப் பெளதூருக்கு மேற்கே உள்ள குன்றில் ஒரு பெரிய பன்றியின்மீது காளி ஏவிவிடப்பட்டது. நாயும் பன்றியும் ஒருங்கே மாண்டன. ஆதகூரில் சல்லேசுவரர் கோயிலின் முன் மணலேரன் கல் நடுவித்தான். பெரிய ஏரியின் கீழ் இரண்டு கண்டுகம் விதைப்பாட்டு நிலத்தை அக்கல்லுக்காக விட்டான்.

இங்கே கவனிக்க வேண்டியது கொடையின் சங்கிலி. பேரரசன் சிற்றரசனுக்கு நாடு கொடுக்கிறான். சிற்றரசன் வீரனுக்கு ஊர் கொடுக்கிறான். ஆதகூர்ப் பன்னிரண்டும் பெள்வொலப் பகுதியில் ஓர் ஊரும், வாளைக் கழுவும் சடங்கின் பெயரால், மணலேரனுக்கு வழங்கப்பட்டன. வீரன் நாய்க்கு நிலம் கொடுக்கிறான். பணிசெய்தவருக்கு மேலிருப்பவர் நிலத்தால் கடன் தீர்க்க வேண்டும் என்னும் ஒரே நெறி, பேரரசனிடம் தொடங்கி நாய்வரை இறங்கிவருகிறது. காளியை அன்பின் பொருளாக மட்டும் மணலேரன் கருதவில்லை. தன்கீழ்ப் பணிசெய்து இறந்த ஒரு சேவகனாகவே கருதினான் என்பதற்கு அந்நிலமே சான்று.

போரில் பட்ட வீரனின் குடிக்கு நிலம் விடும் வழக்கம் தென்னாடெங்கும் இருந்தது. தமிழில் அது நெய்த்தோர்ப்பட்டி, உதிரப்பட்டி. கன்னடத்தில் நெத்தரு கொடகி. மூன்று பெயர்களிலும் உள்ள சொல் குருதியே. ஆனால் வீரனுக்குக் குடி உண்டு. மனைவி மக்கள் அந்நிலத்தை உழுது உண்பர். நாய்க்கு அத்தகைய குடி இல்லை. ஆகவே மணலேரன் விட்ட நிலம் கல்லைப் பூசிக்கும் கொரவனிடம், அதாவது சைவத் துறவியிடம், ஒப்படைக்கப்பட்டது. உறவில்லாத ஓர் உயிருக்கு உறவின் கடமையைச் செய்ய ஒருவரை அமர்த்திய ஏற்பாடு இது. ஒருமுறை கல் நட்டால் போதும் என்று மணலேரன் எண்ணவில்லை. நினைவுக்கு நாள்தோறும் செலவு உண்டு என்பதை அறிந்திருந்தான்.

அந்தக் கடமை தவறாதிருக்க ஒரு சாபமும் எழுதப்பட்டது. கல்லைப் பூசிக்காமல் கொரவன் உண்பானாயின், நாய் செய்த பாவம் அவனைச் சேரும். கல்வெட்டின் மிக நுட்பமான பகுதி இதுவே. தன் நாய்க்குக் கோயிலின் முன் கல்லெடுத்த வீரன், அதன் பெயரால் நிலம் விட்ட வீரன், மீறுவோரை அச்சுறுத்தத் தேர்ந்தெடுத்தது அதே நாயின் பாவத்தைத்தான். அந்தப் பாவம் எது என்று கல் விளக்கவில்லை. ஏவப்பட்ட இடமெல்லாம் சென்று உயிர் கொன்றதே பாவமாயின், ஏவியவன் பங்கு என்ன என்னும் வினா எழும். நாய்ப்பிறவியே பாவத்தின் பயன் என்னும் கருத்தாயின், மதிப்புக்கும் இழிவுக்கும் இடையே அக்காலம் கண்ட சமரசம் அது. ஒரு தனி நாயைப் போற்ற முடிந்த சமூகத்தால், நாய் என்னும் பிறவியின்மீது கொண்ட எண்ணத்தை மாற்றிக்கொள்ள முடியவில்லை.

ஆதகூருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட தமிழ்ச் சான்று ஒன்றை இதனோடு வைத்துக் காண்பது தகும். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் பூசலில் கருந்தேவக்கத்தி என்பவன் இறந்தான். அவனுடைய நாய், கோவிவன் என்னும் பெயருடையது, கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது. கல்லில் வீரனுடன் நாயின் உருவமும் உண்டு. வீரனின் பெயரோடு நாயின் பெயரும் உண்டு. தமிழகத் தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் தொகுப்பு இவ்வட்டாரத்துக் கற்களை ஆய்வுலகின் முன் வைத்தது.

இரு கற்களுக்கும் வேறுபாடு உண்டு. எடுத்தனூரில் கல் வீரனுக்குரியது. நாய் அதில் பங்கு பெறுகிறது. ஆதகூரில் கல் நாய்க்குரியது. வீரன் அதை நடுவிப்பவன். கோவிவன் மந்தைக்காவல் நாய்; காளி அரசவையின் வேட்டைநாய். ஒன்று ஆயர் வாழ்வின் தேவை, மற்றொன்று ஆள்வோரின் பெருமிதம். ஆயினும் இரண்டும் ஒரே இலக்கணத்தைப் பின்பற்றுகின்றன: பெயர், பணி, முடிவு. கல் தேர்வது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுத்த நடுகல் மரபு, மனிதனுக்கென்று அமைந்தது. அதன் எல்லைக்குள் நாயும் நுழைந்த தருணங்கள் இவை.

இரண்டிலும் ஒரே இடைவெளியும் இருக்கிறது. காளி குட்டியாயிருந்தபோது அதை வளர்த்தவர் யார்? பன்றியின் கொம்புக்கு எட்டாமல் பக்கவாட்டில் பாயக் கற்பித்தவர் யார்? பூதுகனிடமிருந்து மணலேரனிடம் அது கைமாறிய நாளில், அதுவரை சோறிட்ட கை எது? கல் பேசவில்லை. உடைமையாளனின் பெயர் உண்டு. வளர்த்தவரின் பெயர் இல்லை. இறந்த இடம் உண்டு. பிறந்த இடம் இல்லை. காளியை இன்றைய முதோள் வேட்டைநாயின் மூதாதையாகக் காட்டும் ஆவல் எழுவது இயல்பு. பாகல்கோட்டை மாவட்டத்து முதோளின் பெயர்பெற்ற அந்த இனத்துக்கு 2005-இல் அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. ஆனால் காளியின் இனம் பற்றிக் கல்வெட்டில் ஒரு சொல்லும் இல்லை. இறுதி மணித்துளியை மட்டும் பதிவுசெய்யும் ஆவணம், அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றிக் கேட்கும் எவருக்கும் விடை தராது.

அந்த இடைப்பட்ட ஆண்டுகள் எத்தகையவை என்பதை அறிய, அதே பெங்களூரின் தெற்குப் புறநகரிலுள்ள தரளுவுக்கு வர வேண்டும். மத்திய ரிசர்வ் காவல் படையின் நாய் இனப்பெருக்க, பயிற்சிப் பள்ளி 2011 முதல் அங்கே இயங்குகிறது. பெல்ஜியன் மாலினாய்ஸ் இன நாய்களே இங்குப் பெரும்பான்மை. கண்ணிவெடிகள் புதைக்கப்பட்ட காட்டுப்பாதைகளில் படைக்கு முன்னே நடப்பது இவற்றின் பணி.

பணிநாயின் வாழ்வில் முதல் மூன்று மாதங்களே அடித்தளம். அமெரிக்காவின் பார் ஹார்பரில் நாய்க்குட்டிகளை நெடுங்காலம் ஆராய்ந்த ஸ்காட், புல்லர் ஆகிய இருவரும் 1965-இல் வெளியிட்ட நூல், மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலத்தில் மனிதரோடு பழகாத குட்டி பின்னாளில் மனிதரை நம்புவது அரிது என்று நிறுவியது. எனவே பயிற்சிக்கு முன்பே பழக்கம் தொடங்குகிறது: பல்வகைத் தரை, ஓசை, கூட்டம், வாகனம். பின்னர்க் கீழ்ப்படிதல். அதன்பின் வாசனை. வெடிமருந்தின் மணத்தோடு விளையாட்டுப் பந்தின் மகிழ்ச்சி இணைக்கப்படுகிறது. நாய்க்கு வெடிமருந்து பகையன்று. பந்து கிடைக்கும் இடம். கண்டுபிடித்தால் குரைக்கவோ பிறாண்டவோ கூடாது. அசையாமல் அமர்ந்துவிட வேண்டும். ஓர் உயிர் தன் வாழ்நாள் முழுதும் ஆடும் விளையாட்டின்மீது மனிதரின் உயிர்கள் நிற்கின்றன. அதை அறியாத ஒரே பங்காளி அந்த நாய்.

இந்தக் கல்வி நாய்க்கு மட்டுமானதன்று. அதைக் கையாளும் காவலரும் உடன் பயில்கிறார். காது எப்போது நிமிர்கிறது, மூச்சு எப்போது மாறுகிறது என்பதை அவர் படிக்கக் கற்கிறார். அறிவது நாய், அது அறிந்ததை அறிபவர் இவர். ஒருவரின்றி மற்றவர் பயனற்றவர்.

தரளுவில் 2023 ஏப்ரலில் பிறந்தது ரோலோ என்னும் பெண் மாலினாய்ஸ். மறு ஆண்டே படையின் 228-ஆவது பட்டாலியனில் பணியேற்றது. 2025 ஏப்ரல் 27 அன்று, சத்தீஸ்கர், தெலங்கானா எல்லையிலுள்ள மலைப்பகுதியில் நடந்த தேடுதல் பணியின்போது தேனீக்கள் கூட்டமாகத் தாக்கின. உடனிருந்தவர்கள் பாலித்தீன் விரிப்பால் ரோலோவை மூடிக் காக்க முயன்றனர். விரிப்புக்குள்ளும் தேனீக்கள் புகுந்தன. வலி தாளாத ரோலோ வெளியே பாய்ந்து மேலும் கொட்டுப்பட்டது. ஏறத்தாழ 200 கொட்டுகள். மருத்துவத்துக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே உயிர் பிரிந்தது. வயது இரண்டு. படையின் தலைமை இயக்குநர் இறப்புக்குப் பிந்தைய பாராட்டுப் பதக்கம் வழங்கினார்.

காளிக்கும் ரோலோவுக்கும் இடையே ஆயிரத்து எழுபத்தைந்து ஆண்டுகள். ரோலோவைப் பற்றிய பதிவில் பிறந்த மாதமும் பயின்ற இடமும் உண்டு; காளியின் கல்லில் விடுபட்டவை இவையே. ஆனால் பணியில் இறந்த நாய்க்கு மரியாதை தருவது எக்காலத்திலும் எளிது. கடினமானது, பணியில் இறவாத நாய்க்கு விடைகொடுப்பது. எட்டு, ஒன்பது ஆண்டுகள் உழைத்து மூக்கும் முழங்காலும் தளர்ந்த நாயை என்ன செய்வது? இந்திய ராணுவம் பணிக்கு உதவாத நாய்களைக் கருணைக்கொலை செய்துவந்தது என்னும் செய்தி, 2015-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அளிக்கப்பட்ட பதிலால் பொதுவெளிக்கு வந்தது. கண்டனம் எழுந்தது, வழக்கு தில்லி உயர் நீதிமன்றம் சென்றது. நடைமுறை அதன்பின் மாறியது. இன்று ஓய்வுபெற்ற ராணுவ நாய்களுக்கு மீரட்டில் இல்லம் உண்டு. விரும்புவோர் தத்தெடுக்கவும் வழி உண்டு.

இம்மாற்றம் இரக்கத்தின் வளர்ச்சி என்று மட்டும் வாசிக்கத் தக்கதன்று. இது கடன் பற்றிய பழைய வினா. ஊதியம் கேட்கத் தெரியாத, ஓய்வு கேட்கத் தெரியாத பணியாளனுக்கு ஏவியவன் பட்ட கடன் எவ்வளவு? பத்தாம் நூற்றாண்டு வீரன் ஒருவன் தன்னளவில் அதற்கு விடை எழுதினான்: ஒரு பெயர், ஒரு கல், இரண்டு கண்டுகம் நிலம், அதை மறவாதிருக்க ஒரு பொறுப்பாளர். பதக்கத்தில் முதல் இரண்டுக்கு இணை உண்டு. பிந்தைய இரண்டுக்கு இணை, ஓய்வுக்காலச் சோறும் அதை இடும் கையும்தான்.

ஆதகூரில் அந்த நிலம் எது என்று இன்று யாரும் காட்ட இயலாது. பூசனை எந்நாளில் நின்றது என்பதற்கும் பதிவில்லை. கல் மட்டும் ஊரைவிட்டுப் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. தக்கோலத்தைத் தேடி அதன் முன் நிற்கும் மாணவர்கள், வரிகளைப் படிக்கும் முன் சற்றே நிமிர்ந்து மேற்பகுதியைக் காண்பது நன்று. பன்றியின்மீது பாய்ந்த காளி அங்கே இன்னும் பிடியை விடாமல் இருக்கிறது.