ஓவியத்தில் வீழ்ந்த தலை

ஆப்பிரிக்க மரபு குறித்த முதலாமாண்டுக் கருத்தரங்கில் ஆசிரியர் எங்கள்முன் ஓர் ஓவியத்தை வைத்தார். ஏறத்தாழ 1616இல் அபுல் ஹசன் தீட்டியது. உலகுருண்டையின்மேல் நிற்கும் ஜஹாங்கீர், ஈட்டியில் செருகிய மாலிக் அம்பரின் தலைமீது அம்பெய்கிறார். எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, அகமதுநகர் அரசையே தம் கைக்குள் வைத்திருந்தவர் அம்பர்.

அவர் எவ்வாறு இறந்தார் என்று கேட்டார் ஆசிரியர். முகலாயரால் கொல்லப்பட்டார் என்று தயங்காமல் எழுதினேன். தவறு! முகலாயர் அவரைப் பிடித்ததேயில்லை. 1626இல், எண்பதை நெருங்கிய முதுமையில் இயல்பாக இறந்தார்.

அங்ஙனமாயின் ஓவியம் பொய்ச்சான்றா? நிகழ்ச்சிக்கு அது சான்றன்று. பேரரசரின் ஆற்றாமைக்கு அதனினும் நல்ல சான்று கிடைப்பதரிது. ஜஹாங்கீரின் நினைவுக்குறிப்புகள் அம்பரின் நிறத்தைப் பழிக்கின்றன. அவரது அவையினரான முத்தமத் கானோ, அம்பர் மறைந்தபின், போர்த்திறத்தில் அவருக்கு நிகரில்லையென்று எழுதினார். எதிரியின் பழியைவிட எதிரியின் புகழையே நான் நம்புவேன்.

பின்னர் மொழியியல் பயின்றபோது பெயரும் உறுத்தியது. 'அம்பர்' என்பது தாய்தந்தையர் இட்டதன்று. அவரை விலைக்கு வாங்கியவர் இட்டது. அவர் நிறுவிய கட்கி நகரின், பிற்கால ஔரங்காபாத்தின், நீர்க்கால்வாய்க்கு அப்பெயரே நிலைத்தது: நஹ்ரே அம்பரி.